வெயிலைப் பயிலும் உடல்



மாரி ஓய்ந்து தை பிறந்ததும் நம் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்கான பயிற்சி தொடங்கிவிடும். பல வாரங்கள் மழையிலும் வாடைக் காற்றிலும் இருந்த பிள்ளைகள், திடீரென நண்பகல் வெயிலில் ஓட விடப்படுகின்றனர். “வெயிலில் வாடினால்தான் உடல் உரம் பெறும்” என்பர் சிலர். இக்கூற்றில் உண்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

உண்மை யாதெனின், உடல் வெயிலைப் பயில வல்லது என்பதே. நாள்தோறும் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் வெப்பத்தில் அளவோடு உழைத்துவரின், குருதியின் நீர்ப்பகுதி பெருகும். அதே வேலைக்கு இதயம் முன்போல் விரைந்து துடிக்க வேண்டியதில்லை. வியர்வை முன்னதாகவே அரும்பி மிகுதியாகச் சுரக்கும். அதனோடு வெளியேறும் உப்பின் செறிவோ குறையும். இம்மாற்றங்களிற் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே நிகழும். முற்றுப்பெற இரு வாரமளவு செல்லும். வெயிலை விட்டு விலகியிருந்தாலோ, சில வாரங்களில் உடல் தான் கற்றதை மறந்துவிடும்.

தென்னாபிரிக்காவின் ஆழமான தங்கச் சுரங்கங்களில், ஈரவெப்பம் தாங்காது தொழிலாளர் பலர் மாண்டனர். அதன் பயனாக, புதிதாக வந்தோரைப் படிப்படியாகப் பழக்கிய பின்னரே முழுவேலையில் அமர்த்தும் முறை 1930களில் அங்கு உருவாயிற்று. வெப்பத்துக்குப் புதியவர் முதல் நாள் முழுவேலையின் ஐந்திலொரு பங்கையே செய்யவேண்டும், பின்னர் நாளொன்றுக்கு ஐந்திலொரு பங்குக்கு மேற்படாமற் கூட்டவேண்டும் என்பது ஐக்கிய அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கூறும் விதி. வளர்ந்த தொழிலாளிக்கே இத்துணைப் பொறுமை வேண்டுமெனின், வளரும் பிள்ளைக்கு எத்துணை வேண்டும்!

இனி, ஆபத்தைக் கூறுவேன். உடலை உரப்படுத்துவதாக எண்ணித் தண்ணீர் கொடாது ஓடவிடுவாரும் உளர். அது பயிற்சியன்று, துன்புறுத்தலே. உடல் வெயிலைப் பயிலும், தாகத்தைப் பயிலாது. பழகிய உடலே மிகுதியாக வியர்க்குமாதலால், பழகியவனுக்கே நீரும் மிகுதியாக வேண்டும். மேலும், உலரும் வியர்வையே உடலைக் குளிர்விக்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் வியர்வை உலராது வழிந்தோடும். அந்நாட்களில் எத்துணைப் பழகிய உடலும் தோற்கும்.

ஆகவே ஆசிரியர்களே, போட்டிக்கு இரு வாரங்களுக்கு முன்னரேனும் பயிற்சியைத் தொடங்குங்கள். காலையிலோ மாலையிலோ சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நிழலும் நீரும் மைதானத்தின் அருகிலேயே இருக்கட்டும். ஓடும் பிள்ளை தடுமாறினாலோ, தொடர்பின்றிப் பேசினாலோ, அதனைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளாதீர்கள். உடனே நிழலிற் கிடத்தி, உடலெங்கும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே வைத்தியசாலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். நினைவு தடுமாறும் பிள்ளைக்கு வாயில் நீர் புகட்டலாகாது.

பெற்றோர்களே, காய்ச்சலிலிருந்து எழுந்த பிள்ளையை அன்றே மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். “என்னால் இயலவில்லை” என்று ஆசிரியரிடம் சொல்ல அஞ்சும் பிள்ளைகள் பலர். அவ்வாறு சொல்வது கோழைத்தனமன்று என்பதை அவர்களுக்கு நாமே கற்பித்தல் வேண்டும். வெற்றிக் கிண்ணம் அடுத்த ஆண்டும் வரும்.