நாடுகளின் பட்டியலும் வங்கியின் கடமையும்

(வங்கிப் பணிக்குப் பயிலும் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் வாசகம்)

குற்றத்தின் வழியாக ஈட்டிய பணம் நெடுநாள் ஓரிடத்தில் தங்குவதில்லை. போதைப்பொருள் விற்றவனும் கையூட்டுப் பெற்றவனும் அப்பணத்தை நேர்மையான வருவாய்போலத் தோன்றச் செய்தாலன்றி, அச்சமின்றிச் செலவிட இயலாது. இந்த உருமாற்றமே பணச்சலவை எனப்படுகிறது. கேள்வி கேட்போர் குறைவாக உள்ள நாடே சலவைக்கு ஏற்ற துறை. ஆகவே, "பணம் அனுப்புபவர் யார்?" என்ற பழைய வினாவோடு, "பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது?" என்ற வினாவையும் வங்கிகள் கேட்க வேண்டியதாயிற்று. இரண்டாம் வினா இன்றியமையாதது. ஆனால் அது முதல் வினாவை விழுங்கிவிடும்போது என்ன நேருகிறது என்பதே ஆராய்வதற்குரியது.

பசிபிக் கடலில் நவ்ரு என்றொரு தீவு நாடு உண்டு. பரப்பு ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை பத்தாயிரத்தைச் சற்றே கடந்தது. பாஸ்பேட் வளம் குன்றிய நிலையில், அந்நாடு வங்கி உரிமங்களை விற்றுப் பொருளீட்டத் தொடங்கிற்று. 1990-களின் இறுதியில் ஏறக்குறைய 400 வங்கிகள் ஒரே அஞ்சற்பெட்டி முகவரியில் பதிவாகியிருந்தன. அவற்றுக்குக் கட்டடம் இல்லை, காசாளர் இல்லை, பேரேடு எங்கே உள்ளது என்று சொல்வாரும் இல்லை. 1998-ஆம் ஆண்டில் மட்டும் ரஷ்யாவிலிருந்து ஏறத்தாழ 7,000 கோடி டாலர் இத்தகைய வங்கிகளின் கணக்குகளுக்குச் சென்றதாக ரஷ்ய மத்திய வங்கியின் உயர் அலுவலர் ஒருவர் அறிவித்தார். தீவுக்குள் அந்தப் பணம் நுழையவேயில்லை என்பது கவனிக்கத்தக்கது. நியூயார்க்கிலும் பிற நகரங்களிலும் உள்ள பெரிய வங்கிகளின் பேரேடுகளில் அது ஒரு வரியிலிருந்து மற்றொரு வரிக்கு மாறியது, அவ்வளவே. ஒரு நாட்டின் வங்கி மற்றொரு நாட்டின் வங்கியில் கணக்கு வைத்துக்கொண்டு அதன் வாயிலாகப் பணம் செலுத்தும் தொடர்பு வங்கி முறை உலக வாணிபத்தின் உயிர்நாடி. சலவைக்காரனுக்கும் அதுவே பாதை.

இப்பாதையைக் காக்கும் பொருட்டு, 1989-இல் பாரிஸ் நகரில் கூடிய ஏழு தொழில்வள நாடுகளின் மாநாடு நிதி நடவடிக்கைப் பணிக்குழுவைத் தோற்றுவித்தது. எஃப்.ஏ.டி.எஃப். என்ற எழுத்துகளால் அறியப்படும் இக்குழு 1990-இல் 40 பரிந்துரைகளை வெளியிட்டது. ஒத்துழைக்காத நாடுகள் என்று 15 நாடுகளையும் ஆட்சிப் பகுதிகளையும் 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பெயர் சொல்லி அறிவித்தது. நவ்ரு அதில் இருந்தது. ரஷ்யாவும் இஸ்ரேலும் பிலிப்பைன்ஸும்கூட இருந்தன. பெயர் அறிவிக்கப்பட்ட நாடுகள் விரைந்து சட்டங்களை இயற்றின. நவ்ரு தன் கடல்கடந்த வங்கிகளின் உரிமங்களை ஒழித்து, 2005-இல் பட்டியலிலிருந்து நீங்கியது. பட்டியல் என்ற கருவி பயனற்றது என்று கூறுவோர் இதனை மறத்தலாகாது.

பின்னர் அப்பட்டியல் இரண்டாயிற்று. குழு ஆண்டுக்கு மும்முறை கூடி இவற்றைப் புதுப்பிக்கிறது. கறுப்புப் பட்டியல் என்று பேச்சு வழக்கில் கூறப்படுவதில் வட கொரியாவும், 2020 பிப்ரவரியில் முழு எதிர் நடவடிக்கைகள் மீண்டும் கோரப்பட்ட ஈரானும், 2022 அக்டோபரில் சேர்க்கப்பட்ட மியான்மரும் இடம்பெற்றன. முதல் இரு நாடுகளின்மீது எதிர் நடவடிக்கைகளே கோரப்பட்டன. மியான்மரைப் பொறுத்தவரை கோரப்பட்டது இடருக்கேற்ற கூடுதல் விசாரணை மட்டுமே. மற்றொன்று சாம்பல் பட்டியல். குறைகளைக் களைவதாக உறுதியளித்து, கூடுதல் கண்காணிப்புக்கு உட்பட்டுள்ள நாடுகள் அதில் உள்ளன. இந்நாடுகளின்மீது வங்கிகள் கூடுதல் விசாரணை நடத்த வேண்டும் என்று குழு கோருவதில்லை. தொடர்பைத் துண்டிக்குமாறு கூறுவதும் இல்லை. இடரை மதிப்பிடும்போது இச்செய்தியையும் கருத்திற்கொள்க என்பதே அதன் வேண்டுகோள். நடைமுறையில் பல வங்கிகள் இந்த வேறுபாட்டைப் படிப்பதே இல்லை. சாம்பல் பட்டியலில் இடம்பெறும் நாட்டுக்கு வரும் மூலதனம் அந்நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சராசரியாக 7.6 சதவீத அளவுக்குக் குறைவதாக, பன்னாட்டு நிதியம் 2021-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை கணித்தது.

வங்கியின் உள்ளே நடப்பது என்ன? ஒவ்வொரு வங்கியும் நாடுகளைத் தாழ்ந்த இடர், நடுத்தர இடர், உயர்ந்த இடர் என்று தரம் பிரித்து வைத்துக்கொள்கிறது. எஃப்.ஏ.டி.எஃப். அறிவிப்பு, ஐ.நா. பாதுகாப்பு அவையின் தடை ஆணைகள், ஊழலின் அளவு, போதைப்பொருள் உற்பத்தி, நிறுவனங்களின் உண்மையான உரிமையாளரை மறைக்க இடந்தரும் சட்டங்கள் ஆகியவை தரம் பிரிக்கும் அளவுகோல்கள். நாட்டின் தரம் வாடிக்கையாளரின் தரத்தோடு சேர்கிறது. உயர்ந்த இடர் என்று முத்திரை விழுந்தால், பணம் வந்த வழி கேட்கப்படும். மேல்நிலை அலுவலரின் ஒப்புதல் வேண்டும். கணினி அக்கணக்கின் நடவடிக்கைகளை நுணுகிப் பார்க்கும். தாழ்ந்த இடர் என்றால் இவற்றில் பெரும்பாலானவை இல்லை. ஆக, ஒரு சொல்லை மாற்றி எழுதுவதனால் கோடிக்கணக்கான பணம் கண்காணிப்புக்குள் வரலாம், அல்லது வெளியேறலாம்.

எச்.எஸ்.பி.சி. வங்கியின் வரலாறு இதற்குச் சான்று. அதன் அமெரிக்கக் கிளை நிறுவனம் பல ஆண்டுகளாக, 2009 வரை, மெக்சிகோ நாட்டை மிகத் தாழ்ந்த இடர்ப் பிரிவிலேயே வைத்திருந்தது. போதைப்பொருள் கும்பல்கள் அந்நாட்டில் நடத்திய போர் நாள்தோறும் செய்தித்தாள்களில் வெளிவந்துகொண்டிருந்த காலம் அது. தரம் தாழ்ந்திருந்தமையால், மெக்சிகோக் கிளை நிறுவனத்திலிருந்து வந்த 67,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட தந்தி வழிப் பணமாற்றங்கள் உரியவாறு கண்காணிக்கப்படவில்லை. 940 கோடி டாலருக்கும் மேற்பட்ட ரொக்க நோட்டுகளும் அவ்வாறே வாங்கப்பட்டன. மெக்சிகோக் கிளைகளில் காசாளர் சாளரத்தின் அளவுக்குப் பொருந்துமாறு செய்யப்பட்ட பெட்டிகளில் கும்பல்கள் ரொக்கத்தைக் கொண்டுவந்து கட்டியதாக அமெரிக்க நீதித்துறை கூறிற்று. குறைந்தது 88 கோடியே 10 லட்சம் டாலர் போதைப்பொருள் பணம் அவ்வங்கியின் வழியே சென்றது. 2012 டிசம்பரில் அவ்வங்கி ஏறத்தாழ 190 கோடி டாலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. இங்கே கணினியும் இருந்தது, விதியும் இருந்தது. மெக்சிகோ வங்கி தன் குடும்பத்தைச் சேர்ந்தது என்ற உறவுமுறை, கேட்டிருக்க வேண்டிய கேள்விகளைத் தடுத்துவிட்டது.

எஸ்டோனியாவின் நிலை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு. எந்தப் பட்டியலிலும் இல்லாதது. எனினும் டென்மார்க்கைச் சேர்ந்த டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை ஏறத்தாழ 20,000 கோடி யூரோ வெளிநாட்டார் கணக்குகளில் புரண்டது. இதில் எவ்வளவு குற்றப்பணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாவிடினும், பெரும்பகுதி ஐயத்துக்குரியது என்பதை 2018-இல் வெளியான அவ்வங்கியின் சொந்த விசாரணை அறிக்கையே ஒப்புக்கொண்டது. சிறியதொரு நாட்டின் ஒரு கிளைக்கு, அந்நாட்டோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத வாடிக்கையாளர் இத்துணைப் பேர் ஏன் வருகின்றனர் என்ற எளிய கேள்விக்கு எந்தப் பட்டியலும் தேவையில்லை.

இது கவனக் குறைவினால் வரும் கேடு. மிகைக் கவனத்தினால் வரும் கேடும் உண்டு. அதற்கு அபராதம் விதிப்பார் இல்லை என்பதால் அது எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சோமாலியாவில் 1991-இல் மைய அரசு வீழ்ந்தபின் வங்கிகளும் வீழ்ந்தன. வெளிநாடுகளில் பிழைக்கும் சோமாலியர் அனுப்பும் பணம், ஆண்டுக்கு ஏறத்தாழ 130 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது, பணமாற்று நிறுவனங்கள் வழியாகவே ஊர்களைச் சென்றடைந்தது. 2013-இல் இங்கிலாந்தின் பார்க்ளேஸ் வங்கி ஏறத்தாழ 250 பணமாற்று நிறுவனங்களின் கணக்குகளை மூடப்போவதாக அறிவித்தது. அவற்றுள் சோமாலியருக்குப் பணம் அனுப்பும் மிகப் பெரிய நிறுவனமும் ஒன்று. அந்நிறுவனம் நீதிமன்றத் தடையாணை பெற்றுச் சிறிது காலம் தாக்குப்பிடித்தது. 2015 பிப்ரவரியில் அமெரிக்காவில் சோமாலியப் பணமாற்று நிறுவனங்களுக்குச் சேவை அளித்துவந்த முக்கிய வங்கியும் விலகிக்கொண்டது. வங்கியின் கணக்கு எளிது: அந்தக் கணக்குகளால் வரும் கட்டணம் சொற்பம், தவறு நேர்ந்தால் வரும் அபராதம் பெரிது. ஆனால் மகன் அனுப்பும் ஐம்பது டாலரை எதிர்நோக்கியிருக்கும் தாய்க்குப் பணம் வருவது அதனால் நின்றுவிடாது. அது ஆள்வழியாக, பைக்குள் மறைந்து, உண்டியல் முறையில் செல்லும். அங்கே பெயரும் இல்லை, பதிவும் இல்லை. கண்காணிக்கும் நோக்கத்தோடு எடுத்த நடவடிக்கை கண்காணிப்புக்கே எட்டாத இடத்துக்குப் பணத்தைத் தள்ளிவிடுகிறது. 2011-க்கும் 2018-க்கும் இடையே உலகில் தொடர்பு வங்கிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இந்தக் குறைவின் சுமை பெரும்பாலும் சிறிய நாடுகளின் தோள்களில்தான் விழுந்தது.

இந்தியாவில் பணச்சலவைத் தடைச் சட்டம் 2002-இல் இயற்றப்பெற்று, 2005 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே, 2004-இல் நிதி நுண்ணறிவுப் பிரிவு அமைக்கப்பட்டிருந்தது. எஃப்.ஏ.டி.எஃப். குழுவில் இந்தியா 2010-இல் உறுப்பினரானது. 2024-இல் நடந்த மதிப்பீட்டில் வழக்கமான பின்தொடர்வே போதும் என்ற உயர்ந்த பிரிவில் வைக்கப்பெற்றது. வாடிக்கையாளரை அறிதல் பற்றி ரிசர்வ் வங்கி 2016-இல் வெளியிட்ட நெறிமுறைகள், முகவரி மட்டுமே உள்ள போலி வங்கிகளோடு தொடர்பு கொள்வதை அறவே விலக்கின. பரிந்துரைகளைக் குறைவாகப் பின்பற்றும் நாடுகளோடு நடக்கும் நடவடிக்கைகளின் பின்னணியை ஆராய்ந்து, முடிவை எழுத்தில் பதிந்துவைக்க வேண்டும் என்றும் அவை விதித்தன. அதோடு ஒரு விளக்கமும் இருந்தது: இந்நடைமுறை, பெயர் குறிப்பிடப்பட்ட நாடுகளோடு நேர்மையான வாணிபம் செய்வதைத் தடுப்பதாகாது. தேர்வுக்குப் படிப்போர் விதியை மனப்பாடம் செய்து, இந்த ஒற்றை வாக்கியத்தை விட்டுவிடுவது வழக்கம்.

இலங்கை 2017 முதல் 2019 அக்டோபர் வரை சாம்பல் பட்டியலில் இருந்தது. அக்காலத்தில் இந்தியாவிலிருந்து துணியும் வெங்காயமும் கொழும்புக்குச் செல்வது நின்றுவிடவில்லை. கப்பற்சீட்டு, விலைப்பட்டியல், வாங்குவோரின் விவரம் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்துப் பணம் தீர்க்கும் வேலையை வங்கிகள் தொடர்ந்து செய்துவந்தன. வேறு வகை நாடு மொரீஷியஸ். அது 2020 பிப்ரவரியில் பட்டியலில் சேர்ந்தபோது, அங்கிருந்து வரும் முதலீடு அனுமதிக்கப்படும், ஆனால் கூடுதலாகக் கண்காணிக்கப்படும் என்று பங்குச் சந்தை வாரியமான செபி அறிவித்தது. ரிசர்வ் வங்கியோ 2021 பிப்ரவரியில், இத்தகைய நாடுகளிலிருந்து வரும் புதிய முதலீட்டாளர் வங்கியல்லாத நிதி நிறுவனங்களில் வாக்குரிமையின் 20 சதவீதத்துக்குக் குறைவாகவே பெறலாம் என்று வரம்பு கட்டிற்று. வெங்காய வணிகனுக்கு ஓர் அளவு, நிதி நிறுவனத்தை வாங்க வருபவனுக்கு மற்றோர் அளவு என்று பிரித்தறிந்தது சரியான முறையே.

2025 பிப்ரவரியில் நேபாளம் சாம்பல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்திய நகரங்களில் காவற்பணியிலும் உணவு விடுதிகளிலும் உழைக்கும் நேபாளிகள் பலர்; அவர்களுள் வங்கிக் கணக்கே இல்லாதவரும் உண்டு. இவர்களை முன்னிட்டே ரிசர்வ் வங்கி 2008-இல் இந்திய-நேபாளப் பணமாற்றுத் திட்டத்தை வகுத்தது. கணக்கு இல்லாதவரும் அடையாளச் சான்று காட்டி, ரொக்கம் கட்டி, ஒரு முறைக்கு ரூ. 50,000 வரை, ஆண்டுக்கு 12 முறை ஊருக்கு அனுப்பலாம். 2021-இல் கணக்கு வழியே அனுப்புவோருக்கு இவ்வரம்பு இரண்டு லட்சமாக உயர்த்தப்பட்டது; 12 முறை என்ற கட்டுப்பாடும் அவர்களுக்கு நீங்கியது. ரொக்கத்துக்குப் பழைய வரம்பே நீடித்தது. பெயர் பதிவாகிறது, தொகைக்கு எல்லை உண்டு, எத்தனை முறை என்பதற்குக் கணக்கு உண்டு. உழைப்பவனின் பணமும் ஊர் போய்ச் சேருகிறது. இத்திட்டத்தின் கீழ், ஒரு காவற்காரர் கட்டும் எட்டாயிரம் ரூபாய்க்கு அலுவலர் பார்க்க வேண்டியது அவருடைய சான்றையும், அந்த ஆண்டில் அவர் அனுப்பிய முறைகளையும், தொகை அவர் ஊதியத்துக்கு ஏற்றதா என்பதையுமே. அதே வாரத்தில் தொடர்பற்ற பத்துப் பேர் ஒரே பெறுநருக்கு ஐம்பதாயிரம் வீதம் கட்டினால் பார்க்க வேண்டியது வேறு. அதனை ஐயத்துக்குரிய நடவடிக்கையென நிதி நுண்ணறிவுப் பிரிவுக்குத் தெரிவித்தல் வங்கியின் கடமை.