கடல் கடந்த கருணையும் குழந்தையின் குரலும்



மலையமானின் மக்களை யானைக் காலில் இடத் துணிந்த கிள்ளிவளவனிடம் கோவூர்கிழார் வாதாடிய செய்தியைப் புறநானூற்றின் 46ஆம் பாடல் கூறுகிறது. அச்சிறுவர்கள் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்தார்கள். பழகாத மன்றத்தைப் பார்த்து மருண்டார்கள். புலவர் அவர்களுக்கு உறவினர் அல்லர். எனினும் அவர்களுக்காகப் பேசினார். பிறர் பெற்ற குழந்தைக்காக அயலார் பேசலாமா என்னும் வினா அப்பாடலில் எழவில்லை. அவ்வினா கூர்மையாக எழுந்த இடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து நெல்லைச் சீமையாகும்.

வட அயர்லாந்தின் மில்லைல் என்னும் கடலோரச் சிற்றூரில் 1867இல் பிறந்தவர் ஏமி கார்மைக்கேல். பெல்ஃபாஸ்ட் நகர ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்களிடையே இளமையிலேயே தொண்டாற்றினார். தொப்பி வாங்க வசதியின்றிச் சால்வையால் தலையை மூடிக்கொண்டு வந்த அப்பெண்களை ஆலயத்திற்குள் கண்டு முகம் சுளித்த கனவான்களும் இருந்தார்கள். 1893இல் ஜப்பான் சென்றார், உடல்நலம் இடந்தரவில்லை. 1895இன் இறுதியில் இந்தியா வந்து, அடுத்த ஆண்டு நெல்லையை அடைந்தார். தாமஸ் வாக்கர் என்னும் ஊழியரிடம் தமிழ் பயின்றார். புடவை உடுத்தி, மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றார். 1951 ஜனவரியில் டோனாவூரில் கண்மூடும் வரை, ஏறத்தாழ 55 ஆண்டுகள், ஒருமுறையேனும் தாயகம் திரும்பவில்லை.

இச்செய்தி சிறப்பாக நோக்கத்தக்கது. இக்காலத்தில் மேலைநாட்டுத் திருச்சபைகள் பல, கோடை விடுமுறையில் இளைஞர்களை ஏழை நாடுகளுக்கு அனுப்புகின்றன. ஓரிரு வாரங்கள் தங்குகிறார்கள். சுவருக்கு வண்ணம் பூசுகிறார்கள். குழந்தைகளை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அவர்களின் அன்பு பொய்யன்று. ஆனால் மாதந்தோறும் புதிய மடி, மாதந்தோறும் புதிய பிரிவு என்றால் பிள்ளையின் நெஞ்சு என்ன ஆகும்? ஆதரவற்றோர் இல்லங்களில் வாழும் குழந்தைகளுள் பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள் என்பதும், வருகையாளரின் நன்கொடையே அவ்வில்லங்கள் பெருகக் காரணமாகிறது என்பதும் இன்று தெளிவாகியுள்ளன. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையும் 2019 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தில் இத்தகைய தன்னார்வச் சுற்றுலாவின் தீங்கைச் சுட்டியது.

டோனாவூரின் கதை வேறு. 1901 மார்ச் மாதத்தில் பண்ணைவிளையில் ஏமி தங்கியிருந்தபோது, பெருங்குளத்துக் கோயிலைச் சார்ந்த வீட்டிலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்தாள். அவள் முன்னரே ஒருமுறை தப்பித் தூத்துக்குடியில் இருந்த தன் தாயிடம் ஓடியவள். தெய்வக் குற்றத்துக்கு அஞ்சிய தாய், தேடிவந்த பெண்களிடமே அவளை ஒப்படைத்தாள். தண்டனையாகச் சிறுமியின் கைகளில் சூடு வைத்தார்கள். இரண்டாம் முறை அவள் தாயைத் தேடவில்லை. வழியில் கண்ட கிறித்தவப் பெண் ஒருத்தியின் கைப்பிடித்து ஏமியிடம் வந்து சேர்ந்தாள். ஊர் ஊராகச் சென்ற வண்டி அதன்பின் நின்றது. குழந்தைகளை விட்டுப் போக முடியவில்லை.

பிறந்து சில நாள்களே ஆன சிசுக்களும் வரத் தொடங்கின. தாய்ப்பால் இன்றி அவற்றைக் காப்பது அக்காலத்தில் எளிதன்று. நெய்யூர் மருத்துவமனைக்கு அருகில் பச்சிளங் குழந்தைகளுக்கென இல்லம் ஒன்று அமைந்தது. பொன்னம்மாள் என்னும் இளம் கைம்பெண் அதன் பொறுப்பை ஏற்றார். 1905இல் பரவிய நோயில் பல குழந்தைகள் அங்கு இறந்தன. பிள்ளைத்தமிழ் வகுத்த பருவங்களுள் தாலையும் சப்பாணியையும்கூடக் காணாத குழந்தைகள் அவை! தொட்டில் ஆட்டுவதும் பால் காய்ச்சுவதும் ஊழியமாகுமா என்று உடன் ஊழியர் சிலர் ஏளனம் செய்தார்கள். ஏமி பொருட்படுத்தவில்லை. ஏமியின் புகழ் பேசும் நூல்கள் பொன்னம்மாளுக்கு இன்னும் சில பக்கங்கள் கூடுதலாகத் தந்திருக்கலாம். ஏமியே அவர் வரலாற்றைத் தனிநூலாக எழுதினார் என்பது ஆறுதல்.

ஏமி எழுதிய நூல்கள் முப்பதுக்கும் மேல். ‘உள்ளது உள்ளபடி’ என்று பொருள்படும் தலைப்பில் 1903இல் வந்த நூல், வெற்றிக் கதைகளை எதிர்பார்த்த இங்கிலாந்து வாசகர்களுக்குக் கசந்தது. அதற்காக அவர் உண்மையை மெழுகவில்லை. ஆயினும் அவர் தீட்டிய படத்தில் கோயிற்பெண்டிர் கொடியவர்களாக மட்டுமே காட்சியளிக்கிறார்கள். இசையையும் நாட்டியத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த மரபு அது என்பதும், அப்பெண்டிருமே ஒருகாலத்தில் கேட்பாரின்றிக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் என்பதும் அப்படத்தில் இல்லை. அக்குறையை நிறைத்தவர்கள் தமிழ்ப் பெண்களே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் சென்னைச் சட்டமன்றத்தில் இவ்வழக்கத்தை ஒழிக்கக் குரலெழுப்பினார். அவ்வாழ்வை உள்ளிருந்தே அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் அதனை நாவலாகவே படைத்தார். சட்டம் 1947இல் வந்தது. வெளியிலிருந்து வந்தவர் கண்டது துன்பத்தை. உள்ளிருந்து எழுதியவர் கண்டது துன்பத்தையும் அதனால் வாழ்ந்தோரையும்.

இவ்வரலாற்றில் முடிவு காண்பதற்கு அரிய பகுதி முத்தம்மாள் என்னும் சிறுமியின் வழக்காகும். இவள் கோயிலுக்குக் கொடுக்கப்பட்டவள் அல்லள், சொத்துக்கு உரியவள். சொத்தைக் குறித்து உறவினரிடையே பூசல் இருந்தது. சிறுமி டோனாவூரில் இருக்கவே விரும்பினாள். தாய் தன் மகளைக் கேட்டாள். 1911இல் நீதிமன்றம் தாய்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, வழக்குச் செலவையும் ஏமியின் மேல் சுமத்தியது. ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முன்பே சிறுமியைக் காணவில்லை. அவளுக்கு ஆண்பிள்ளை உடை உடுத்தி வெளியேற்றி, இலங்கைக்கும் அங்கிருந்து தென்சீனத்திற்கும் அனுப்பினார்கள்.

இதனை வீரச் செயல் என்று போற்றுவோர் உளர். அவர்கள் எயிட்டி நாட்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2010 ஜனவரி நிலநடுக்கத்திற்குப் பின், அமெரிக்கத் திருச்சபையினர் பத்துப் பேர் 33 குழந்தைகளை உரிய ஆவணங்கள் இன்றி எல்லை கடத்திக் கொண்டுசெல்ல முயன்று கைதானார்கள். அநாதைகளை மீட்பதாகவே அவர்கள் கூறினார்கள். பல குழந்தைகளுக்குப் பெற்றோர் இருந்தார்கள். நல்வாழ்வு கிட்டும் என்று நம்பி அப்பெற்றோரே பிள்ளைகளைக் கொடுத்திருந்தார்கள். இரு நிகழ்ச்சிகளும் ஒன்றல்ல. எயிட்டிக்கு வந்தவர்கள் அந்நாட்டு மொழியும் வழக்கும் அறியாமல் சில நாள்களில் முடிவெடுத்தார்கள். ஏமி பதினைந்து ஆண்டுகள் தமிழோடு வாழ்ந்தவர், சிறுமியின் விருப்பத்தை அவள் மொழியிலேயே கேட்டவர். அவ்வேறுபாடு பெரிது. ஆனால் வாசலில் நின்று மகளைக் கேட்ட தாயின் முன் அவ்வேறுபாடு எத்துணை நிற்கும் என்பது எளிதில் விடை கூறத்தக்கது அன்று. இளம் கவிஞர் எவரேனும் அத்தாயின் பக்கம் நின்று ஒரு கவிதை எழுதின், அது இவ்வரலாற்றுக்கு இழைக்கும் துரோகம் ஆகாது.

முத்தம்மாள் சில ஆண்டுகளுக்குப் பின் சீனத்திலிருந்து இலங்கைக்குத் திரும்பினாள். டோனாவூரோடு தொடர்புடைய ஓர் இளைஞனை அங்கு மணந்துகொண்டாள். அவள் தாயைப் பற்றி அந்நூல்கள் அதன்பின் பேசவில்லை.