யாருடைய வேலை இது?

(மிதிவெடி அகற்றும் பணிக்கு நிதி சேர்ப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குச் சைக்கிளில் புறப்படுவோரை வழியனுப்பக் கூடிய சபையில் நிகழ்த்திய பேச்சு)



இந்தப் பிரயாணத்தைப் பற்றிய செய்தி ஊரில் பரவிய நாள்முதல் என் காதில் ஓயாமல் விழுந்துவரும் ஆட்சேபங்கள் இரண்டு. மிதிவெடி அகற்றுவது அரசாங்கத்தின் வேலையாயிற்றே, அதற்கு நாம் ஏன் காசு சேர்க்கவேண்டும் என்பது ஒன்று. சேர்ப்பதானாலும் கையில் உள்ளதை உறையிலிட்டு அனுப்பிவிட்டால் போதாதா, 320 கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் மிதித்து ஊருக்கு வேடிக்கை காட்டுவது எதற்கு என்பது மற்றொன்று. இவற்றைச் சொன்னவர்களில் ஒருவர் எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தந்த பெரியவர்; அவர்மேல் எனக்குள்ள மரியாதை இம்மியும் குறையவில்லை. ஆயினும் நல்லவர் வாயிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு பிழையான அபிப்பிராயத்தை மறுக்காமல் விட்டுவிட என் மனம் இடங்கொடுக்கவில்லை.

முதலில், இந்த வெடி நம் மண்ணில் எப்படி விழுந்தது என்பதைச் சொல்லவேண்டும். 2000ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆனையிறவு இராணுவ முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்த பின்னர், கிளாலியிலிருந்து முகமாலை வழியாக நாகர்கோவில் வரையில், குடாநாட்டின் கழுத்தைக் குறுக்கே அறுத்ததுபோல ஒரு போர்முனை விழுந்தது. 2009 ஜனவரி வரையில், ஏறக்குறைய ஒன்பது வருஷம், அந்தக் கோடு பெரிதாக அசையாமல் நின்றது. நின்ற காலமெல்லாம் இருபுறத்தாரும் தத்தம் காவலரண்களுக்கு முன்னால் மிதிவெடியை விதைத்தார்கள். மண் அணை இடம் மாறியபோது பழைய விதைப்பின்மேல் புதியதையும் விதைத்தார்கள். இருபுறத்தாரும் என்றே சொல்கிறேன்; அதைச் சொல்லத் தயங்குகிறவனுக்கு இந்த விஷயத்தைப் பற்றி மேடையேறிப் பேச அருகதை கிடையாது. பாகிஸ்தானிலும் சீனாவிலும் செய்த பிளாஸ்டிக் வெடியை ஒரு பக்கத்தார் வைத்தார்கள். இங்கேயே பலகைப் பெட்டியில் அடைத்துச் செய்த, ஜொனி என்னும் வெடியை மறுபக்கத்தார் வைத்தார்கள். பிளாஸ்டிக் உக்குவதில்லை, அதனுள் உலோகம் மிகச் சொற்பமாதலால் தேடும் கருவிக்கும் இலகுவில் அகப்படுவதில்லை. பலகையோ உக்கிக் கறையானுக்கு இரையாகிவிடுகிறது. உள்ளே இருந்த மருந்தும் அதை வெடிக்கவைக்கும் பொறியும் எந்த நிலையில் கிடக்கின்றன என்பது தோண்டுகிறவருக்குத் தோண்டும் வரையில் தெரியாது.

இறந்தவனை விட்டுவிட்டு முன்னேறலாம், காலிழந்தவனைத் தூக்க இரண்டுபேர் வேண்டும் என்று கணக்குப் பார்த்து, உயிரைவிடக் காலையே குறிவைத்துச் செய்யப்பட்ட ஆயுதம் இது. அந்தக் கணக்கில் விறகு பொறுக்கப் போன பெண்ணுக்கும், அவிழ்த்துக்கொண்டு ஓடிய மாட்டைத் தேடிப்போன சிறுவனுக்கும் எந்த இடம்? 1987ஆம் ஆண்டுமுதல் செயற்கைக் கால் பொருத்திவரும் நமது யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தின் வாசலில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்து பாருங்கள். வளரும் பிள்ளைக்குப் பொருத்திய கால், போன தீபாவளிச் சட்டையைப்போல, சிறிதாகிவிடுகிறது. அதைக் கழற்றி அடுத்த காலுக்கு அளவெடுக்கும்போது தாயானவள் வேறு பக்கம் பார்க்கிறாள்.

சில வருஷங்களுக்கு முன், அநுமதி பெற்று, ஒரு மிதிவெடி வயலின் ஓரத்தில் அரைநாள் நின்றேன். ஒரு மீற்றர் அகலமான பாதை; இருமருங்கிலும் நுனியில் சிவப்புப் பூசிய தடிகள்; பாதையின் அந்தத்தில், கனத்த கவசமும் முகத்தை மறைக்கும் கண்ணாடித் தகடும் அணிந்து, நீண்ட காம்புள்ள ஓர் இரும்பு வாரியுடன் ஒரு பெண். முற்றத்துச் சருகை வாருவதுபோல அவள் வாரவில்லை. எதிரே உள்ள மண்ணை மேலிருந்து அமுக்காமல், பக்கவாட்டிலிருந்து விரற்கடை விரற்கடையாக இழுத்துத் தன் பக்கம் சேர்க்கிறாள், நிறுத்துகிறாள், குனிந்து பார்க்கிறாள், மறுபடியும் இழுக்கிறாள். நான் நின்ற நேரம் முழுவதிலும் அவள் முன்னேறிய தூரம் என் குடையின் நீளம்கூட இராது. பதினொரு மணியளவில் வாரியின் பல் எதிலோ தட்டியது. கையை உயர்த்தினாள், மேற்பார்வையாளர் வந்தார், சிறு தூரிகையால் மண்ணை நீக்கியபோது, சப்பாத்துப் பொலிஷ் டப்பி அளவான ஒரு சாமான், இத்தனை வருஷம் அந்த இடத்தில் இருந்ததற்கு அடையாளமாகத் தென்னை வேரொன்று அதைச் சுற்றி வளைந்திருக்க, வெளியே தெரிந்தது. இடைவேளையில் கவசத்தைக் கழற்றிவைத்துச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தவளிடம் பயமில்லையா என்று கேட்டேன். “முதல் மாசம் பயமாத்தான் இருந்தது ஐயா. இப்ப, வேலை நிண்டுபோனா பிள்ளையளின்ர பள்ளிக்கூடச் செலவுக்கு என்ன செய்யிறது எண்டதுதான் பயம்” என்றாள். யுத்தத்தில் கணவனை இழந்து, குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள்.

அவள் அஞ்சியது வீண் அச்சமன்று. அரசாங்கத்தின் வேலை என்கிறீர்களே, மெய்தான்: மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது; அதன்படி 2028 ஜூன் 1ஆம் திகதிக்குள் இந்நாட்டு மிதிவெடி வயல்களையெல்லாம் சுத்தமாக்க அது கடமைப்பட்டிருக்கிறது. இராணுவத்தின் மிதிவெடி அகற்றும் பிரிவு வேலை செய்கிறது. ஹலோ ட்ரஸ்ட், மாக் என்னும் பிறநாட்டு ஸ்தாபனங்களும் டாஷ், ஷார்ப் என்னும் உள்நாட்டு ஸ்தாபனங்களும் செய்கின்றன. அந்த ஸ்தாபனங்களுக்குக் கூலியும் கருவியும் பெரும்பாலும் எங்கிருந்து வருகின்றன? வாஷிங்டனிலிருந்தும் லண்டனிலிருந்தும் டோக்கியோவிலிருந்தும் வருகின்றன. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை ஒரே கையெழுத்தில் நிறுத்திவைத்தபோது, பல தேசங்களில் மிதிவெடி அகற்றுவோர் வாரியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதாயிற்று. அதே வருஷத்தில் லித்துவேனியா, லாத்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து தேசங்கள், ரஷ்யாவுக்கு அஞ்சி, அந்த உடன்படிக்கையிலிருந்தே விலகத் தீர்மானித்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் ஆகியவை அதில் சேரவே இல்லை. நமது பிள்ளை காலை எங்கே வைக்கலாம் என்பது ஏதோவொரு தூரதேசத்து மேசையில் தீர்மானிக்கப்படும் நிலையை நாம் இன்னும் எத்தனை காலம் பொறுத்திருப்பது? அரசாங்கத்தைக் கேளுங்கள், ஓயாமல் கேளுங்கள், நானும் உங்களோடு வந்து கேட்பேன். கேட்டுக்கொண்டிருக்கும் காலத்தில் அந்தப் பெண்ணின் வாரி நிற்கலாகாது என்பதற்காகத்தான் உண்டியலைக் கையிலெடுத்தோம்.

ஒரு மிதிவெடியைச் செய்ய மூன்று டாலர் போதும். அதை எடுக்க 300 முதல் 1,000 டாலர் வரை செல்லும் என்பது உலகில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. எனக்குக் கணக்குக் கற்பித்த பெரியவரே இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும்.

இனி, வேடிக்கை என்ற சொல்லுக்கு வருகிறேன். 1997 ஜனவரியில் பிரித்தானிய இளவரசி டயானா, அங்கோலா தேசத்து உவாம்போவில், நான் கண்ட பெண்ணைப் போலவே கவசம் தரித்து மிதிவெடி வயலுக்கு நடுவே நடந்தபோது, அந்தப் பயணத்துக்காக அவருடைய நாட்டு அமைச்சரொருவரே அவரைக் கண்டித்தார். அந்த வருஷம் முடியுமுன் 122 தேசங்கள் ஒட்டாவாவில் கையெழுத்திட்டன; மிதிவெடியைத் தடைசெய்யும் சர்வதேச இயக்கத்துக்கும் அதை நடத்திய ஜோடி வில்லியம்ஸ் அம்மையாருக்கும் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இயக்கத்தார் பல வருஷம் உழைத்த உழைப்பை அந்த ஒரு நடை செய்துவிட்டதென்று நான் சொல்லமாட்டேன். கண்ணால் கண்டாலன்றி ஜனங்கள் அசையமாட்டார்கள் என்று மட்டும் சொல்வேன். உறையிலிட்டு அனுப்புகிறவர் ஒருவரோடும் பேசவேண்டியதில்லை. சைக்கிள் ஏறப்போகும் நமது பிள்ளைகளோ, கிலோமீட்டருக்கு இவ்வளவு தாருங்கள் என்று வீடுவீடாகப் போய்ப் படலையைத் தட்டினார்கள். எதற்கடா என்று கேட்டவர்களுக்கெல்லாம் நின்று சொன்னார்கள். பத்து வருஷமாக இந்தப் பேச்சே எழாத வீடுகளில் அன்றிரவு இந்தப் பேச்சு நடந்தது.

அதற்குச் சைக்கிள்தானா வேண்டும் என்று யாழ்ப்பாணத்தான் கேட்கலாமா? பெற்றோலும் மின்சாரமும் இல்லாத தொண்ணூறுகளில் இந்த ஊரைத் தன் இரண்டு சில்லின்மேல் சுமந்தது எது? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று, சுற்றும் கை களைத்தால் வாசிப்பவரின் குரல் தேய்ந்துபோகும், அப்பா அதட்டுவார், சுற்றியவன் நான். கிளாலிக் கடல்நீரேரியை இருட்டில் படகில் கடந்தபோது சைக்கிளும் நம்மோடு படகேறியது. 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு, யுத்தம் நெருங்கிவர, வலிகாமம் முழுவதும் வீட்டை விட்டு மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, ஹாண்டிலில் பானை சட்டியும் கரியரில் ஆச்சியுமாக நாம் உருட்டிச் சென்றதும் இதைத்தான். உயிரைக் காக்க ஓடிய சைக்கிள், மண்ணை மீட்க ஒருமுறை ஓடட்டும்.

பிள்ளைகளே, ஏ-9 வீதியில் முகமாலையை நீங்கள் காலை வெயில் ஏறுமுன் கடப்பீர்கள். ஷெல்லடியில் தலையிழந்த தென்னைகள் எங்கேனும் இன்னும் நின்றால் இறங்கிப் பாருங்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை எங்கே நின்றாலும் அதற்கு அப்பால் ஓரடிகூட வைக்காதீர்கள். ஓமந்தையும் வவுனியாவும் கழிந்து மதவாச்சிக்கும் தம்புள்ளைக்கும் போவீர்கள். அந்த ஊர்களிலும் காலிழந்தவர்கள் இருக்கிறார்கள். சிப்பாய்களாக வடக்கே வந்து, இதே மண்ணில் காலை விட்டுவிட்டுத் திரும்பியவர்கள். அவர்கள் வாசலிலும் நில்லுங்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எதற்காக வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். தண்ணீர் தந்தால் வாங்கிக் குடியுங்கள். காசு தந்தால் அதையும் வாங்கிக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயருக்கு எதிரே, ஒவ்வொருவருக்கும் கிலோமீட்டருக்கு 100 ரூபா என்று பதிந்துகொள்ளுங்கள். மாத்தளைக்கு அப்பால் ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகும் கிலோமீட்டருக்கும் அதே தொகைதான். கொப்பி வாசல் மேசையில் இருக்கிறது.