தேர்தலுக்குத் தேர்தல் தளிர்க்கும் கல்விக்கடன் தள்ளுபடி

(வேலூர், லாங் பஜாரில் ஆற்றப்பெற்ற உரையின் சுருக்கம்)



இத்தெருவின் பெயரில் ஒரு சொல் ஆங்கிலம், மற்றொன்று பாரசிகம். நெடுங்கடைத்தெரு எனத் தமிழில் வழங்க ஏனோ நா கூசுகின்றது. அது நிற்க.

இங்கு மூட்டை சுமப்போரும், ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதனிட்டுக் கை புண்ணானோரும் பிள்ளைகளைப் படிக்கவைக்கக் கடன்பட்டுள்ளனர். அக்கடனைத் தள்ளுபடி செய்வோம் என்னும் குரல் எப்பொழுது எழுகின்றது? ஒப்போலை கேட்கும் பொழுதன்றோ!

2016 சட்டமன்றத் தேர்தலின்போது, வேலை கிட்டாதாரின் கல்விக்கடனை அரசே கட்டும் என்றது அ.தி.மு.க. வென்றது, ஐந்தாண்டு ஆண்டது. 2021 மார்ச்சில் அதே கட்சியின் அறிக்கையில் கல்விக்கடன் தள்ளுபடி மீண்டும் வந்து நின்றது. முன்னர்ச் சொன்னதைச் செய்து முடித்தவர்க்குப் பின்னரும் சொல்ல வேண்டிய தேவை என்ன? எதிர்த்து நின்ற தி.மு.க.வும் அத்தேர்தலில் அதனையே உறுதியளித்தது.

வேலூர் கண்ட புதுமையோ தனி. 2019 மார்ச்சில் வெளிவந்த தி.மு.க.வின் நாடாளுமன்றத் தேர்தல் அறிக்கையில் கல்விக்கடன் தள்ளுபடி இருந்தது. பணம் பிடிபட்டதால் ஏப்பிரல் 16-இல் வேலூர்த் தேர்தல் நீக்கப்பட்டது. மே 23-இல் நாடு முழுமைக்கும் முடிவு வந்து, பா.ச.க. மீண்டும் நடுவண் அரசு அமைத்தது. அதன் பின்னரே, ஆகசுட்டு 5-இல், ஆம்பூரும் வாணியம்பாடியும் அடங்கிய இத்தொகுதி மக்கள் ஒப்போலை இட்டனர். தி.மு.க. 8,141 ஒப்போலை மிகுதியில் வென்றது. அறிக்கையை நிறைவேற்றும் ஆட்சிவாயில் அடைபட்ட பின்னும் அறிக்கை மட்டும் உயிரோடிருந்தது!

கூட்டுறவுச் சங்கங்கள் மாநில அரசின் ஆளுகைக்குட்பட்டவை. ஆகவே 2021 பிப்பிரவரி 5-இல் 12,110 கோடி உருபா பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்ய முடிந்தது. உழவர்க்கு நன்மையே, எனினும் மூன்று கிழமையில், பிப்பிரவரி 26-இல், தேர்தல் நாள்கள் அறிவிக்கப்பட்டதையும் மறத்தற்கில்லை. கல்விக்கடனோ பெரும்பாலும் நடுவண் அரசின் பணவைப்பகங்களில் உள்ளது. மாநில அரசு அதனை அழிக்க இயலாது. தன் கருவூலத்திலிருந்து கட்டத்தான் இயலும். அதற்கு எவ்வளவு, எவ்வாண்டில் என்று சொல்லாத உறுதிமொழி வெறுங்காற்று.

2024 ஏப்பிரல் 5-இல் பேராயக் கட்சி வெளியிட்ட அறிக்கை, மார்ச்சு 15 வரை நிலுவையிலுள்ள கல்விக்கடன் வட்டியோடு நீக்கப்படும் என்றது. தேர்தல் அறிவிப்பு வந்ததோ மார்ச்சு 16! ஆயினும் நாளைக் குறித்து, வைப்பகங்களுக்கு அரசே ஈடுசெய்யும் என்றும் எழுதியமை மற்றவர் செய்யாதது. அக்கட்சி ஆட்சிக்கு வரவில்லை.

கொடுமை எங்கே? 'எப்படியும் தள்ளுபடியாகும்' என நம்பித் தவணையை நிறுத்துகின்றான் இளைஞன். வட்டி நிற்பதில்லை. கூட்டுக் கடனாளியாகக் கையொப்பமிட்ட தந்தைக்கும் அறிவிப்பு வருகின்றது. கடன் கட்டாதார் பட்டியலில் ஏறிய பெயருக்கு நாளை வேறு கடன் கிடைப்பதும் அரிது.

இத்தெருவில் ஒலிபெருக்கியோடு வருவோரைக் கேளுங்கள்: எந்நாள் வரையிலான கடன்? வட்டியும் சேர்த்தா? எக்கருவூலப் பணம்? விடை எழுத்தில் வரும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். கட்ட இயலாதோர் வைப்பகத்திற்கு எழுத்து வாயிலாகத் தெரிவித்துத் தவணை நீட்டிப்புக் கேளுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள்.