ஊரில் ஒரு வீடு, இங்கே ஒரு வீடு



"எங்கட ஒஃபரை ஏற்றுக்கொண்டிட்டினம். இனி வீடு எங்கட தானே?"

இங்கிலாந்தில் வீடு வாங்கப் புறப்படுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான். இல்லை என்பதே பதில். வீடு விற்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டு ஏஜென்ட் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னாலும் சரி, வீட்டுக்காரர் கைகொடுத்தாலும் சரி, நாளைக்கு வேறொருவர் பத்தாயிரம் பவுண் கூடத் தருகிறேன் என்று வந்தால் உங்களை விட்டுவிட்டு அவருக்கு விற்கலாம். சேர்வேக்கும் சட்ட வேலைக்கும் நீங்கள் செலவழித்த காசை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். நியாயமா என்றால், என் கணக்கில் நியாயமில்லை. ஆனால் சட்டம் அதுதான்.

இரு தரப்புச் சட்டத்தரணிகளும் ஒப்பந்தங்களை மாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் அன்றுதான் பேச்சு உறுதியாகிறது. வழக்கமாக விலையில் 10 வீதம் அன்றைக்குக் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் பின்வாங்கினால் அந்தப் பணம் போய்விடும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. வழமையான ஒப்பந்தப்படி எக்ஸ்சேஞ்ச் ஆன நிமிடத்திலிருந்து வீட்டுக்கு என்ன நடந்தாலும் பொறுப்பு வாங்குபவருடையது. திறப்பு இன்னும் கைக்கு வந்திருக்காது, ஆனால் கட்டடக் காப்புறுதி அன்றே தொடங்கியிருக்க வேண்டும்.

இனி, நம்மவர்களுக்கு அதிகம் செலவு வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். முத்திரை வரி.

450,000 பவுணுக்கு ஒரு வீடு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீதங்களின்படி, வாழ்நாளில் முதல் வீடு வாங்குகிறவருக்கு முத்திரை வரி 7,500 பவுண். முன்பு எப்போதாவது வீடு வைத்திருந்து, இப்போது எதுவும் இல்லாதவருக்கு 12,500. இன்னொரு வீட்டை வைத்துக்கொண்டே இதையும் வாங்குகிறவருக்கு முழு விலையிலும் 5 வீதம் மேலதிகமாகச் சேர்ந்து 35,000. ஒரே வீதி, ஒரே வீடு, மூன்று தொகை.

அந்த "இன்னொரு வீடு" உலகத்தில் எங்கே இருந்தாலும் கணக்கில் வரும். சாவகச்சேரியில் அம்மா சீதனமாக எழுதித்தந்த வீடு, தஞ்சாவூரில் அப்பா காலமானபின் பங்காக வந்த வீடு, எல்லாமே வீடுதான். பரம்பரையாக வந்த பங்கு உங்கள் பெயரில் ஒருமுறை இருந்திருந்தாலே முதல் வீடு வாங்குகிறவர் என்ற சலுகை போய்விடும். மேலதிக 5 வீதத்துக்கு உங்கள் பங்கின் பெறுமதி 40,000 பவுண் அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். வெறுங்காணி இதில் சேராது. கடந்த மூன்று ஆண்டுக்குள் பரம்பரையாக வந்த பங்கு பாதிக்கு மேற்படாவிட்டால் இந்த மேலதிக வரிக்கு மட்டும் விலக்கு உண்டு. இப்போது குடியிருக்கும் வீட்டை விற்றுவிட்டு வேறொன்றுக்கு மாறுகிறவருக்கும் மேலதிக வரி இல்லை.

உடனே அடுத்த கேள்வி வரும். "சீதன வீடு மனுசியின்ர பேரில, இந்த வீட்டை என்ர பேரில மட்டும் வாங்கினால்?" சேர்ந்து வாழும் கணவன் மனைவியை இந்த மேலதிக வரிக்கு ஓராளாகவே பார்க்கிறது சட்டம். பெயரை மாற்றிப் போட்டுத் தப்ப முடியாது. வீடு கைமாறும் கம்ப்ளீஷன் முடிந்து 14 நாளுக்குள் வரிப் படிவம் போக வேண்டும். அதில் இருப்பது உங்கள் வாக்குமூலம். ஆகவே ஊரில் உள்ளதைச் சட்டத்தரணி கேட்கும்வரை காத்திராமல், வீடு பார்க்கத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பணம் வந்த வழி. பணச்சலவைத் தடுப்பு விதிகள் 2017இல் இறுக்கப்பட்ட பிறகு, "காசு இருக்கிறது" என்று சொன்னால் போதாது. வங்கிக் கூற்றில் திடீரென்று 15,000 பவுண் வந்திருந்தால், அந்தத் தொகைக்குப் பக்கத்தில் பேனையால் வட்டம் போட்டுச் சட்டத்தரணிகள் கேட்பார்கள், இது யார் அனுப்பியது என்று. மாமா தந்ததென்றால் மாமாவின் அடையாள அட்டை, மாமாவின் வங்கிக் கூற்று, இது கடனல்ல, வீட்டில் பங்கும் கேட்கமாட்டேன் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம் எல்லாம் வேண்டும். சீட்டெடுத்த பணத்தைக் கையில் காசாக வாங்கி வங்கியில் போட்டவர்கள்தான் இங்கே திண்டாடுகிறார்கள். சீட்டுக்காரருக்கு ஒரு கொப்பி இருக்கும், சட்டத்தரணிக்கு அது போதாது. சீட்டுப் பிடிக்காதீர்கள் என்று நான் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? மாதக்கட்டையும் எடுத்த தொகையையும் வங்கி வழியாகச் செய்யுங்கள், அவ்வளவுதான்.

மாமா உண்மையில் கடனாகத்தான் தந்தார் என்றால் அதை நன்கொடை என்று எழுதுவது மோட்கேஜ் தருபவரை ஏமாற்றுவது. பிறகு மாமாவோடு மனஸ்தாபம் வந்தால் அந்தக் கடிதமே அவருக்கு எதிரான சாட்சி. இருவர் சேர்ந்து வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். கூட்டாக முழுவதையும் வைத்திருந்தால் ஒருவர் இறந்ததும் வீடு மற்றவருக்குப் போகும், மரண சாசனத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. தனித்தனிப் பங்காக வைத்திருந்தால் அவரவர் பங்கு அவரவர் சாசனப்படி போகும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கினால், யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஒரு நம்பிக்கைப் பத்திரம் அன்றே எழுதிவைப்பது நல்லது.

ஃபிளாட் வாங்குகிறவர்கள் குத்தகையில் எத்தனை ஆண்டு மீதி என்று முதலில் பாருங்கள். 80க்குக் கீழே இறங்கினால் குத்தகையை நீட்டிக்கும் செலவு ஏறும். அதை மாற்ற 2024இல் ஒரு சட்டம் வந்தது. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று வாங்கும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டை ரீமோட்கேஜ் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இருக்கும் வங்கியிலேயே புதிய வட்டிக்கு மாறினால் பொதுவாகச் சட்ட வேலை இல்லை. வேறு வங்கிக்குப் போனால் உண்டு. பல வங்கிகள் சட்டத்தரணியை இலவசமாகத் தருகின்றன, ஆனால் அவர் முதலில் பார்ப்பது வங்கியின் நலனை. நிலையான வட்டிக்காலம் முடிய ஒரு நாள் முந்தி கணக்கை அடைத்தாலும் அபராதம் விழலாம். திகதியை நீங்களே குறித்து வைத்துச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். மனைவியின் பெயரைச் சேர்ப்பதென்றால், அவர் ஏற்கும் பாதிக் கடன் 125,000 பவுணைத் தாண்டும்போது முத்திரை வரி வரலாம்.

மோட்கேஜ் எடுக்கும்போது வீட்டில் இருக்கும் அம்மா அப்பாவும் 17 வயதைத் தாண்டிய பிள்ளையும் ஏன் கையெழுத்திட வேண்டும் என்று கோபிப்பவர்கள் உண்டு. காரணம் 1980இல் முடிந்த ஒரு வழக்கு. வீடு கணவன் பெயரில் இருந்தது. மனைவி காசு போட்டு அங்கேயே வாழ்ந்தார். கணவன் அந்த வீட்டை அடகு வைத்து வங்கியில் கடன் வாங்கினார். மனைவியை எழுப்பி வங்கி வீட்டை எடுக்க முடியாது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து வங்கிகளுக்குப் பயம். கணவனின் கடைக்காக வீட்டை அடகு வைப்பதென்றால், 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி சட்டத்தரணி மனைவியைக் கணவன் இல்லாமல் தனியாகச் சந்தித்து விளக்க வேண்டும். அக்காமாரே, அந்தச் சந்திப்பில் வாய்திறந்து கேளுங்கள். அது உங்களுக்காகவே வைத்தது.

கடைசியாக மோசடி. பணம் அனுப்பவேண்டிய நாளுக்குச் சற்று முன், "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சட்டத்தரணியின் பெயரில் மின்னஞ்சல் வந்தால் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கல்ல, முதல் நாள் உங்களுக்குத் தந்த எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். வீடு வாங்கிய பிறகு காணிப் பதிவகத்தின் எச்சரிக்கைச் சேவையில் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பதிவில் யாராவது கைவைக்க விண்ணப்பித்தால் மின்னஞ்சல் வரும். பத்து வீடுகள்வரை ஒருவர் பதியலாம், பெற்றோரின் வீட்டையும் சேர்க்கலாம், கட்டணம் எதுவும் இல்லை.