மருந்து தரும் சோர்வு

சென்ற ஆண்டு மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு வந்தேன். மார்வலி நின்றது; ஆனால் மாடிப்படி பன்னிரண்டும் மலையாகிவிட்டன. காலைப் பத்திரிகையைப் படித்து முடிக்குமுன்பே கண் அயரும். முதுமை வந்துவிட்டது என்றே எண்ணினேன். காரணம், நாள்தோறும் நான் விழுங்கிய மெட்டோபிரலால் மாத்திரை.

இம்மருந்தினம் ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பிளாக்கின் ஆராய்ச்சியில் பிறந்தது. 1988-இல் அவர் நோபெல் பரிசு பெற்றார். இதயத்துக்கு ஆக்ஸிஜனை மிகுதியாக ஊட்டுவதைவிட, அதன் தேவையையே குறைக்கலாம் என்பது அவர் கண்ட வழி. அட்ரினலினின் தூண்டுதலை மருந்து தடுக்கிறது. இதயம் நிதானமாகத் துடிக்கிறது. நிமிடத்துக்கு 88 ஆக இருந்த என் நாடி 58 ஆயிற்று. படியேறும்போது விரைய வேண்டிய இதயம் போதிய அளவு விரைவதில்லை, கால்கள் தளர்கின்றன.

இதை அறியாமல், ஒருவரிடமும் சொல்லாமல், மூன்று நாள் மாத்திரையை நிறுத்தினேன். நான்காம் நாள் மார்வலி திரும்பிற்று. "கடிவாளத்தைத் திடீரென அறுத்தால் குதிரை என்ன செய்யும்? உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் கடிந்துகொண்டார். இரத்தசோகையோ தைராய்டுக் கோளாறோ உண்டா என்று சோதித்தார். பின்னர் மருந்தின் அளவைச் சிறிது குறைத்தார்.

இப்போது கடின வேலைகளைக் காலையிலேயே முடித்துப் பகலில் சற்று ஓய்வு கொள்கிறேன். மாலையில் சமதரையில் மெல்ல நடக்கிறேன். படிகளின் நடுவே ஒருமுறை நிற்கிறேன், அதற்கு வெட்கப்படுவதில்லை. பலருக்குச் சில வாரங்களில் இச்சோர்வு தணிந்துவிடும். தணியாவிடில் மாத்திரையை நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.