மனத்தில் பட்ட காயம்

உடம்பில் பட்ட காயம் ஆறிவிட்டதா என்பதைக் கண்ணால் கண்டு சொல்லிவிடலாம். மனத்தில் பட்ட காயம் அப்படி வெளியே தெரிவதில்லை. முதல் உலக யுத்தத்தில், குண்டு முழக்கத்தினிடையே பேச்சிழந்து நடுங்கி நின்ற சிப்பாய்களைக் கோழைகள் என்று பலர் ஏசினார்கள். 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேயர் அந்த நிலையை வைத்திய உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஆயினும், அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அது இன்றைய பெயருடன் இடம்பெற்றது 1980-இல்தான்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி எழுந்த ஆழிப்பேரலை, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. சில மாதங்கள் கழித்து அங்கே ஒரு மீனவர் குப்பத்துக்குப் போயிருந்தேன். இரண்டு தாய்மார்களைப் பார்த்தேன். இருவரும் ஆளுக்கொரு குழந்தையைக் கடலுக்குக் கொடுத்தவர்கள். ஒருத்தி மறுபடியும் மீன் கூடை சுமக்கத் தொடங்கியிருந்தாள். மற்றவளோ, அலையோசை பலமாகக் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டாள். இரவில் அலறி எழுந்தாள். "அவளைப் பார்த்துத் தைரியமாக இரு, அம்மா" என்று இவளுக்குப் புத்தி சொன்னேன். அப்படிச் சொன்னதற்காக இன்றும் வருந்துகிறேன்.

முதலாமவளைச் சுற்றித் தாயும் தமக்கையரும் இருந்தார்கள். இவளோ உறவினரைப் பிரிந்து தற்காலிகக் குடியிருப்பில் கிடந்தாள். கடன் தொல்லை வேறு. இதை நான் விசாரித்தறிந்தது பிற்பாடுதான்.

இளமையில் பட்ட துன்பம், முன்பே கண்ட மனநோய், நேர்ந்த கொடுமையின் கடுமை ஆகியவை இந்நோய்க்கு வழிகோலுகின்றன. ஆண்களைவிடப் பெண்களை இது அதிகமாகப் பற்றுகிறது. ஆனால் 77 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வு, சம்பவத்துக்குப் பின் ஆதரவில்லாமையும் தொடர்ந்து வரும் வாழ்க்கைத் தொல்லைகளும், பழைய காரணங்கள் பலவற்றைவிட வலியவை என்று கண்டது. நடந்ததை நம்மால் மாற்ற இயலாது. பின்னால் வருவதை ஓரளவு மாற்றலாம் அல்லவா?

துன்புற்றவரை உடனே உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் சொல்லும்படி வற்புறுத்துவது நோயைத் தடுப்பதில்லை. அவராகப் பேசும்போது பொறுமையாகக் கேட்கவேண்டும். உறவினரோடு சேர்த்துவைக்க வேண்டும். உணவுக்கும் உறைவிடத்துக்கும் தொழிலுக்கும் வழி செய்யவேண்டும். பெரும்பாலோர் இவ்வளவிலேயே தேறிவிடுகிறார்கள். ஒரு மாதத்துக்கு மேலும் பயங்கர நினைவுகளும் கனவுகளும் வாட்டினால், தயங்காமல் மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். குணப்படுத்தும் முறைகள் இருக்கின்றன. தைரியமாக இரு என்று சொல்வது எளிது. அதைச் சொல்லுமுன், அவள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.